கோதண்டராமனின் நாற்பது ஸோம்பிகள்

தலையே போனாலும் சின்ன ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று கோதண்டராமன் முடிவு கட்டியபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து. முடிவு பலமானதுதான். மனைவி தமயந்தியிடம் சொல்லும்போது குரல்தான் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பெங்களூர் தொம்மலூர் ஃப்ளாட்டில் அந்த ரூம் ஒன்றுதான் அவன் ராஜ்யம். பெரிய மேஜை, பகடைகள், விரல் உயரத்துக்கு ஸோம்பி பொம்மைகள். ஞாயிறுதோறும் ஆபீஸ் நண்பன் தேஜஸ் வருவான். கோதண்டராமன் கதை சொல்ல, ஸோம்பிகள் துரத்த, தேஜஸ் ஆட்டத்தில் சாவான். அந்த ரூமைத்தான் தமயந்தி தன் அப்பாவுக்குக் கேட்கிறாள். மாமனார் ஆதிகேசவனுக்குக் கண் ஆபரேஷன். கோலார் தங்கவயலிலிருந்து வந்து இரண்டு மாசம் தங்கியாக வேண்டும்.

"மாமா ஹால்ல படுக்கட்டுமே?"

"கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு, உங்க டிவி வெளிச்சத்துலயா?"

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். மாமனார் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ரூம் மேல்தான் உயிர்.

தமயந்தியே வழி சொன்னாள். "சரிங்க, இன்னிக்கு நான் ஆடறேன். உங்க ஸோம்பி என்னைக் கடிச்சா ரூம் உங்களுக்கு. நான் பொழைச்சா அப்பாவுக்கு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நாலு வருஷமாக ஆடும் தேஜஸே பத்து நிமிஷம் தாண்டியதில்லை.

"என் ஸோம்பி தள்ளாடிக்கிட்டு வர்ற ஜாதி இல்ல, தெரியுமா? சத்தம் கேட்டா ஒரே பாய்ச்சல்."

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"ஓட ஆரம்பிச்சா நிக்காது."

"முன்னால என்ன இருக்குன்னு பாக்காது?"

"பயமே கிடையாதுங்கறேன்!"

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டான். அப்போதுதான் வந்து சேர்ந்த தேஜஸ் சாட்சி.

வரைபடத்தை விரித்தான். மாமனார் ஊரை நினைத்து அவனே வரைந்த தங்கச் சுரங்க ஊர். நாற்பது ஸோம்பிகளை எல்லையில் நிறுத்தினான். தமயந்தி தன் பொம்மையை எடுத்து, அவன் அழகுக்காக வரைந்திருந்த பழைய சுரங்கக் குழிக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"ஒளிஞ்சுக்கலையா?"

"எதுக்கு? சங்கு ஊதப்போறேன்."

"எந்தச் சங்கு?"

"ஷிஃப்டு சங்குதான். குழி பக்கத்துல நீங்கதானே வரைஞ்சு வச்சிருக்கீங்க? ஊதிட்டேன்."

நாற்பதும் பாய்ந்தன. நடுவில் வாயைப் பிளந்துகொண்டு குழி. கோதண்டராமனின் கை அந்தரத்தில் நின்றது.

"சுத்திக்கிட்டு வரும்."

"முன்னால பாக்காதுன்னீங்க."

"விளிம்புல ஒரு செகண்டு நிக்கும்..."

தேஜஸ் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். "குரு, ரூல் அந்த்ரே ரூல்!" ரூல் என்றால் ரூல்தான் என்று கன்னடத்தில் தீர்ப்பு.

கோதண்டராமன் ஒவ்வொன்றாகக் குழியில் கவிழ்த்தான். எண்ணிக்கொண்டே வந்த தமயந்தியின் குரல் கடைசிப் பொம்மையில் தழைந்தது. "எங்கப்பா முப்பது வருஷம் இறங்கின குழிங்க. சங்கு ஊதினா இறங்கித்தான் ஆகணும். அவரு தினம் ஏறி வந்தாரு, அதுதான் எங்க அதிர்ஷ்டம்."

கோதண்டராமன் தானே பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

காலிங் பெல் அடித்தது. வாசலில் இரண்டு ஆட்கள், கையில் புத்தம்புதுக் கட்டில். அவன் பில்லைப் பார்த்தான்.

"வியாழக்கிழமையே ஆர்டர் போட்டுட்டியா? ஒருவேளை நீ தோத்திருந்தா?"

"தோத்தா ரூம் உங்களுக்குன்னு சொன்னேனே. இந்தக் கட்டிலும் உங்களுக்கு, நம்ம பெட்ரூம் அப்பாவுக்கு."