ஒரு முழம் இடப்பக்கம்

"படம் நல்லாத்தான் கீது சார். என் பொண்ணு நிக்கப்போற எடம் மட்டும் காணோம்" என்றாள் சொர்ணம்.

மரியதாஸ் எழுந்து பார்த்தார். உண்மைதான். ஊரூர் குப்பத்து மணலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில், மதுரை நர்சிங் கல்லூரியின் மேடை நேரலையில் தெரிந்தது. ஆனால் படம் இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்த ஒரு முழம் துணியைத் தாண்டி, கடற்கரை இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிட்டது.

அங்கேதான் இன்னும் சற்று நேரத்தில் அன்புச்செல்வி கையில் விளக்கோடு உறுதிமொழி எடுக்கப்போகிறாள். "இடப்பக்கம் கடைசி ஆளும்மா, மறக்காம பாரு" என்று போனில் சொல்லியிருந்தாள். பெற்றவள் நேரில் போகலாமென்றால், மீன் கூடையோடு வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு.

மரியதாஸ் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கர். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிறவர். அவர் மனைவி மர்சலின் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், யாரும் கேட்காமலே தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவள் சொர்ணம். அதை அவர் மறக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் பழைய புரொஜெக்டரைக் கேட்டு வாங்கி, தன்னுடைய சீட்டுக்கட்டு அளவுக் குட்டிக் கம்ப்யூட்டரை அதில் மாட்டி, ஒரு படகின் முனையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்.

"மெஷினக் கொஞ்சம் திருப்புனா சரியாப்பூடாதா?"

"திருப்பினா படம் கோணிக்கும்மா. படத்தை நகர்த்துற பொத்தானும் வேலை செய்யல. ஆனா வழி இருக்கு. இந்தக் குட்டி கம்ப்யூட்டர் படத்தை வரிவரியா அனுப்புது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால துளி மூச்சு வாங்கும். அந்த மூச்சை நீட்டினா படம் வலப்பக்கம் போகும், குறைச்சா இடப்பக்கம்."

"அப்ப நீட்டி வுடு சார்."

காற்றில் மணல் பறந்தது. மரியதாஸ் மடிக்கணினியோடு படகின் மறைவில் உட்கார்ந்து, மூச்சின் அளவைக் கூட்டி எழுதிக் குட்டிக் கம்ப்யூட்டரை அணைத்துத் தொடக்கினார். திரை இருண்டது.

"கவலப்படாத சார், நாங்க கீறோம்" என்று அந்தப் பக்கமிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது. சொர்ணத்தின் கொழுந்தன். அவனும் அவன் கூட்டாளி மதிவாணனும் ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்து நின்றார்கள்.

படம் வந்தது. மரியதாஸ் எட்டிப் பார்த்தார். இப்போது வலப்பக்கம் ஒரு முழம் வெளியே.

"பிரின்சிபாலம்மா பாதிதான் கீறாங்க" என்றான் மதிவாணன்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்று மரியதாஸ் குறைத்தார். இருட்டு. வெளிச்சம். இடப்பக்கம் ஒன்றரை முழம் வெளியே.

கூட்டினார். வலப்பக்கம் இரண்டு முழம்.

"இன்னா சார், படம் ஊஞ்சலாடுது?"

மரியதாஸுக்கு வியர்த்தது. வரியில் தப்பில்லை, மொத்தப் படத்தின் வேகத்தில்தான் தப்போ என்று, அணைக்காமலே அதையும் மாற்றினார். மேடை, நாற்காலி, பிரின்சிபால் எல்லாம் கீழிருந்து மேலே உருண்டு உருண்டு ஓடின.

"சார், அலை வந்துக்கினு கீது" என்றான் தணிகாசலம். மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் கைதட்டியது. காசில்லாமல் இப்படி ஒரு வேடிக்கை யாருக்குக் கிடைக்கும்?

மேடையில் மாணவிகள் வரிசையாக ஏறுவது போல் தெரிந்தது. சொர்ணம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்தது.

வேகத்தைப் பழையபடி வைத்தார். படம் நின்றது, வலப்பக்கம் அதே இரண்டு முழம். மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டு, மூச்சைக் குறைத்து எழுதினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரே, எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான்."

அப்போது டீக்கடை ஹனீஃபா கேனும் கிளாசுமாக வந்தார். "எல்லாரும் எவ்ளோ நேரமா நிக்கறீங்க. மொதல்ல டீ குடிங்க. படம் எங்க பூடும்?" முதல் கிளாஸை மரியதாஸுக்குக் கொடுத்துவிட்டுத் திரைப்பக்கம் நடந்தார்.

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கினார். இருட்டு.

பிறகு ஒரு கூச்சல். கண்ணைத் திறந்தார்.

துணியின் நான்கு ஓரத்திலும் படம் தைத்து வைத்தது போல் உட்கார்ந்திருந்தது. இடது கோடியில், வெள்ளைச் சீருடையில், விளக்கொளி முகவாயில் பட, அன்புச்செல்வி நின்றாள்.

மாவுக்கட்டை மறந்து சொர்ணம் எழுந்து நின்றாள். "அதோ, என் பொண்ணு" என்றாள் மெல்ல. உறுதிமொழி முடியும்வரை குப்பமே எழுந்து நின்றது. நல்ல மனதோடு தொடங்கிய காரியத்தைக் கடவுள் கொஞ்சம் அலைக்கழிப்பார், ஆனால் கைவிட்டதில்லை.

சொர்ணம் அழுதுகொண்டே மரியதாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லாருக்கணும் சார். மூச்சக் கரீட்டா புட்ச்சிட்ட."

மரியதாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நன்றி சொல்லத் திரைப்பக்கம் போனார். அங்கே தணிகாசலம், ஒரு கையில் மூங்கிலும் மறு கையில் டீ கிளாசுமாகத் தலைகுனிந்து நின்றான்.

"கோச்சுக்காத சார்" என்றான். "நீ கஷ்டப்படறியேன்னு, ஒவ்வொரு தபா இருட்டாவும்போதும் படம் ஓடுன பக்கமே திரைய நவுத்தி வச்சிக்கினு இருந்தோம், இந்த ஒரு தபாதான், கைல டீ இருந்திச்சா, நவுத்த முடியாம பூட்ச்சி."