பானைக்குள் நடந்த ராக் கச்சேரி

கொஞ்சம் படித்தவனுக்கு, தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் காதில் ஊற்றாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முன்னோர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே ஊற்ற வேண்டியிருந்தது.

இதனாலேயே இரண்டு வீட்டில் எனக்குப் பெண் தரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாவதாக, எங்கள் தங்கச் சுரங்கப் பகுதியிலேயே இருந்த ஊரிகத்தில் ஜெயந்தியைப் பார்க்கப் போனோம். ஆட்டோவிலேயே அம்மா எச்சரித்தாள்: "பஜ்ஜி துன்ன மட்டும் வாயத் தொற. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் எங்கயும் வரமாட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தேன்.

மேல்நாட்டு ராக் குழு ஒன்றின் பழைய மேடைக் கச்சேரி. (சாதாரண ராக் இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு ஷிஃப்ட்டே முடிந்துவிடும் ரகம்.) எழுபதுகளில் பதிவு செய்தது, எங்கோ பெட்டியில் கிடந்து அப்போதுதான் வெளியாகியிருந்தது. ஜெயந்தி பி.எஸ்சி.; கேட்டதும் மயங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த அவள் அப்பா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி வருசம் பொட்டியில கெடந்துச்சா? கெட்டுப் போவலியா தம்பி?"

"பழசானாத்தாங்க இதுக்கு மதிப்பு."

"அப்டியா? அப்போ எங்க வூட்டு ஃபேனுக்கும் நல்ல வெல வரும்."

அவர்கள் வீட்டு ஸ்பீக்கர் ஒரு மண்பானையின் வாயில் உட்கார்ந்திருந்தது. (அன்றைக்கெல்லாம் பாட்டில் கனத்த 'பேஸ்' ஒலி வேண்டுமென்றால் குயவரிடம்தான் போவோம்.) "சவுண்டை முழுசா வைங்க, அப்பத்தான் நுணுக்கம் புரியும்" என்றேன்.

முதலில் கூட்டத்தின் கூச்சல். பிறகு டிரம்ஸும் ஆர்கனும் அடித்தொண்டையில் சேர்ந்து உறும, பானை அதிர்ந்தது. பரண் பாத்திரங்கள் ஆடின. ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டது.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் எங்கள் ஊர் வீடுகள் இப்படித்தான் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அப்போது யாரும் யோசிப்பதில்லை. கால் தானாக வாசலுக்குப் போய்விடும்.

மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு தெருவில் நின்றார். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். "எந்த ஷாஃப்ட்டு? எந்த லெவலு?" என்று வெடித்த சுரங்கக் குழியையும் ஆழத்தையும் விசாரித்தார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் முழுக்க வாசலில். ஒருவர் விசாரிக்க சைக்கிளையே எடுத்துவிட்டார். என் அம்மாவும் ஓடியிருந்தாள், பஜ்ஜித் தட்டோடு.

உள்ளே நானும் ஜெயந்தியும் மட்டும். அவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டேப்பை நிறுத்தினாள். பூகம்பம் நின்றது.

"நிறுத்திட்டீங்களே, பாட்டு இனிமேதான் ஆரம்பிக்கும்" என்றேன்.

"அப்போ இது இன்னா?"

"முன்னுரை."

அவள் வாசலுக்குப் போய் உரக்கக் கத்தினாள்: "அப்பா, ஷாஃப்ட்டுல ஒண்ணுமில்ல! மாப்ள கொண்டாந்த பாட்டு!"

சைக்கிள்காரர் இறங்கினார். எல்லோரும் பானையைத் திட்டத் தயாரானபோது அம்மா முந்திக்கொண்டாள்: "கேட்டுக்கினீங்களா? பொண்ணு வாயாலயே மாப்ளன்னு சொல்லிடுச்சு! தட்ட மாத்திக்கலாம்."

மேஸ்திரி மகளை முறைத்தார். அவள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அதை எல்லோரும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"லைனே கேட்டுடுச்சு. இனிமே இன்னா பண்றது?" என்று அவர் இன்னொரு செருப்பைத் தேடப் போனார்.

சுரங்கம் மூடியாகிவிட்டது. ஆனாலும் எப்போதாவது தரை லேசாக நடுங்கும். ஊரிகத்தில் இப்போது எந்த ஷாஃப்ட் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து என் மாமியாருக்கு ஒரே ஒரு குரல் மட்டும் வரும்:

"இன்னாக்கா, மாப்ள வந்துகீறாரா?"