வெர்னன் வந்துடும்

குச்சிமிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், வெர்னன் ஹாஸ்டெட்லருக்குக் காரைத் திருப்பிவிடலாமா என்று தோன்றியது.

குழந்தைகள் என்றால் பரவாயில்லை. எல்லாரும் அவர் வயதுக்காரர்கள், பெற்றோர். மைதானத்து ஓரமாக மடக்கு நாற்காலிகள், ஒவ்வொரு வாயிலும் ஒரு வெள்ளைக் குச்சி. மூடுபனிக்குள் பெண்பிள்ளைகள் நிழல்களாக ஓடினார்கள். பந்து உதைபடுகிற சத்தம் மட்டும் தொப் தொப்பென்று கேட்டது. ஒஹையோவில் சனிக்கிழமைக் காலையில் கால்பந்து மைதானம் என்றால் சந்தைக்கடை மாதிரி இருக்க வேண்டும். இப்படி இருந்து அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் திரும்ப முடியாது. திங்கட்கிழமை கிளப்புகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். மகள் டெஸ்ஸா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இதான் கடைசி. இந்தத் தடவையும் கிளப் சரிப்படலைன்னா நான் பந்தையே தொட மாட்டேன்."

"நான் நேர்ல போய்ப் பாத்து, நல்லதா ஒண்ணு புடிச்சிட்டு வர்றேன் கண்ணு."

"பாத்துட்டு மட்டும் வாங்கப்பா."

பாவம், குழந்தை வெறுத்துப் போயிருந்தாள். இதுவரை வாய்த்த மூன்றும் உருப்படாத கிளப்புகள். முதலாவதில் கோச்சுக்குக் காது மந்தம். எவ்வளவு யோசனை சொன்னாலும் திரும்பியே பார்க்க மாட்டார். அடுத்ததில் பெற்றோரைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினார்கள். மூன்றாவதில் ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதை அவருக்கு மட்டும் சொல்ல மறந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்.

இந்த ரிவர்பெண்ட் கிளப்பாவது தேறுமா என்று விசாரிக்க, தாடிக்காரர் ஒருவரின் பக்கத்தில் போய் நின்றார்.

"கோச் எப்படி சார்? பிள்ளைங்களை ஒழுங்கா ஆட வைப்பாரா?"

தாடிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். விரலை உதட்டில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு குச்சிமிட்டாயை எடுத்து வெர்னன் கையில் திணித்துவிட்டு, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து பெஞ்சில், ஆட்டத்துக்குக் காத்திருந்த இரண்டு சிறுமிகள் குசுகுசுவென்று பேசினார்கள்.

"என்னடி, உங்கம்மா இன்னிக்கு இவ்ளோ அடக்கமா இருக்காங்க?"

"வெர்னனாச்சே! எப்படி வாயைத் தொறப்பாங்க?"

தன் பெயரை வெர்னன் யாரிடமும் சொல்லவில்லை. சட்டையிலும் இல்லை, தொப்பியிலும் இல்லை. தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். அங்கே ஒரு தாய், அழ வாயெடுத்த பொடியனின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதடா தங்கம். வெர்னன் வந்துடும்."

வந்துடுவார் இல்லை, வந்துடுவான்கூட இல்லை. வந்துடும்.

அவர் ஓடாத குறையாகக் காருக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மகளை அழைத்தார்.

"டெஸ்ஸா, என் பேரை யார்கிட்டயாவது சொல்லி வச்சியா?"

"அப்பா, நீங்க எதாவது பேசினீங்களா?"

"ஒரு வார்த்தைதான் பேசினேன்."

"இனிமே பேசாதீங்க. என்ன ஆனாலும் பேசிடாதீங்க." போன் வைக்கப்பட்டது.

குழந்தைக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. என்னவோ ஏதோ, இந்த ரிவர்பெண்ட்காரர்கள் சகவாசமே வேண்டாம் என்று ஊரின் மறுகோடிக்கு, ஹேசல்வுட் கிளப்புக்கு வண்டியை விட்டார்.

அங்கேயும் அதே பனி, அதே நாற்காலிகள், அதே வெள்ளைக் குச்சிகள். கார் கதவைச் சாத்திய சத்தத்துக்கு எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டன. யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "வெர்னன் எப்போ முடியும்?" என்று முணுமுணுத்தார்.

நான் எப்போது முடிவேன் என்று கேட்கிறார்களே என்று வெர்னனுக்கு வியர்த்துக் கொட்டியது. மரத்தோடு மரமாக ஒண்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். உண்மையில் நல்ல அணி. கோச் அமைதியானவர். டெஸ்ஸாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பேசாமல் போய்ப் பேரைக் கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்த நேரத்தில், பந்து கோல்கீப்பரின் இடப்பக்கமாக உருண்டது. அந்தப் பெண் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம்தான் அடக்குவது.

"இடது பக்கம்! இடது! தூங்கறியா நீ? கோச், என்னத்தைச் சொல்லிக் கொடுத்தீங்க?"

ஆட்டம் அப்படியே நின்றது. பந்து தானாக உருண்டு வலைக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை. நடுவர் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. ஒரு சிறுமி மட்டும் மெல்லிய குரலில், "வெர்னன்," என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க," என்று இரண்டு கையையும் தூக்கினார் அவர்.

ஆரஞ்சுச் சுளைத் தட்டோடு ஒரு குண்டு அம்மாள் விறுவிறுவென்று வந்து, அவர் கையைப் பிடித்துக் கார்கள் நிற்கும் பக்கம் இழுத்துப் போனாள்.

"ஊருக்குப் புதுசா சார்? இன்னிக்கு வெர்னன் சனிக்கிழமை. பெத்தவங்க யாரும் மூச்சு விடக்கூடாது. எல்லா கிளப்பும் சேர்ந்து லீக்ல போட்ட சட்டம். வாய் சும்மா இருக்காதேன்னுதான் மிட்டாய்."

வெர்னனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "அது யாருங்க வெர்னன்?"

"அதை ஏன் கேக்கறீங்க. எங்க கிளப்ல யாரும் பாத்ததில்ல. குரல் மட்டும் ரெண்டு மைதானம் தாண்டி வருமாம். ஒரு கோச்சுக்குக் காதே போச்சுன்னு சொல்றாங்க. இப்போ பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டக்கூட அந்தப் பேரைத்தான் சொல்றோம்."

"இப்படி ஒரு நாள் வேணும்னு எந்தப் புண்ணியவான் கேட்டான்?" என்றார் அவர்.

"அந்த ஆளோட பொண்ணேதான் லீக் கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டா சார். தங்கமா ஆடுவா, திங்கக்கிழமை வர்றா; அவளை எடுத்துக்க எல்லா கிளப்பும் போட்டி போடுது, அப்பனை எடுத்துக்கத்தான் ஒருத்தரும் இல்ல."