புறங்கையால் பார்த்து வாங்கிய லேப்டாப்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும், முக்கியமாக உங்கள் ரத்த அழுத்தம் இன்றைக்குக் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க என் பெருமைதான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள், "அதில்ல மாப்ளே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதற்குத்தான்.

நம் குடும்பத்தில் என்ன வாங்குவதானாலும் உங்களைக் கேட்டுத்தான் வாங்குவது என்று ஆகிவிட்டது. எங்கள் ஃபிரிட்ஜ் நீங்கள் சொன்னது, வாஷிங் மெஷின் நீங்கள் சொன்னது, ஏன், என் குடைகூட நீங்கள் சொன்ன கம்பெனிதான், ஒருநாளாவது நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேனா? ஆனால் மச்சான், லேப்டாப் என்பது சூடாகிற பொருள். காலமெல்லாம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, சூடாகிற ஒரு பொருளைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? விஷயம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போனபிறகு உங்கள் தங்கை மறுபடியும் வீட்டுப் படம் வரைய ஆரம்பித்து, கூட ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, முதல் வேலையும் பிடித்துவிட்டாள். வீடு கட்டப்போகிற அந்த வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை படத்தைக் காட்ட வேண்டும். வெறும் கோடு போட்ட படமில்லை, வீட்டு மேல் வெயில் விழுவதுபோல, சன்னல் கண்ணாடி மின்னுவதுபோல, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரைகிற படம். எங்கள் பழைய கம்ப்யூட்டர் பாதி வெயிலோடு நின்றுவிட்டது. திரும்பப் போட்டாள், திரும்ப நின்றது. "இது சரியா வரலைன்னா நான் இனிமே வரையவே மாட்டேன். விட்டது விட்டதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் பார்த்தால் உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்!

நீங்கள் சொன்ன யோசனையும் என் காதில் விழுந்தது. "அஞ்சாம் நம்பர் சிப் வேணாம்மா, ஏழாம் நம்பர் வாங்கு. அஞ்சைவிட ஏழு பெருசு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றீர்கள். மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாய்லர்மேல் அதன் சக்தியை எழுதி அடித்திருக்கும் தகட்டைப் படித்துவிட்டு ஆபீசுக்குத் திரும்புகிற இன்ஸ்பெக்டர்கள் எங்கள் துறையிலும் இருந்தார்கள். தகட்டில் இருப்பது ஆசை. நாள் முழுக்க எரியவிட்டால் எவ்வளவு நீராவி தருகிறது என்பதுதான் நிஜம். எந்தப் பாய்லரும் முதல் கால்மணி நேரம் நல்ல பிள்ளைதான். கம்ப்யூட்டருக்கு மூளையான அந்தச் சிப்பில் இந்த இரண்டு நம்பரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. ஏழுக்குள்ளே வேலைக்காரர்கள் கொஞ்சம் அதிகம், கொஞ்சம் வேகமானவர்கள். சரி. ஆனால் அத்தனை பேரையும் காற்றோட்டம் இல்லாத ஒரு சின்ன அறைக்குள் அடைத்தால் என்ன ஆவார்கள்? வியர்த்து விறுவிறுத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அது மட்டுமா, நம்பருக்குப் பின்னால் வாலாட்டுகிற ஓர் எழுத்து இருக்கிறது, எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று அதற்கு விதித்திருக்கும் அளவு அது, அதை எவனும் படிப்பதில்லை. நீங்கள் படித்தீர்களா? படிக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே அவளுடைய படத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கடையில் நீள மேசை, அதில் வரிசையாக லேப்டாப், ஒவ்வொன்றையும் திருடு போகாமல் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். நான் ஒரு ஏழாம் நம்பரையும் ஓர் ஐந்தாம் நம்பரையும் தேர்ந்தெடுத்தேன். ஏழு, பார்க்கத் தட்டு மாதிரி அவ்வளவு ஒல்லி, ஒரே ஒரு குட்டி ஃபேன். ஐந்து ஒரு சோப்புக் கட்டி எடை கூட, ஆனால் இரண்டு ஃபேன், பின்பக்கம் சூடு வெளியேற நல்ல பெரிய வாய். உங்கள் தங்கைக்குத் தோள்பட்டை வலி இருப்பதால் இரண்டையும் என் தோளில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கம்பி கட்டியிருந்ததால் மேசையோடு சாய்ந்து நின்று பார்த்தேன். விற்பனைப் பெண், "சார், உக்காருங்க சார், விழுந்துடப் போறீங்க" என்று நாற்காலி போட்டாள். போட்டதுதான் தாமதம், நான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டேன். ஆரம்பத்தில் ஏழு, குதிரை மாதிரி பாய்ந்தது, அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அப்படியே நீங்கள் சிரிப்பது மாதிரியே இருந்தது. நான் புறங்கையை மட்டும் இரண்டின் வயிற்றிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏழின் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. அப்புறம் நடை தளர்ந்தது. ஐந்து அதே மூச்சு, அதே நடை. "சார்ஜரைப் புடுங்கும்மா" என்றேன். "ஐயோ, எதுக்கு சார்?" என்று பதறினாள். பிடுங்கினேன். பேட்டரியில் ஏழு இன்னும் படுத்துவிட்டது. ஐந்தும் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லக் கூடாது, ஆனால் நிற்கவில்லை. வெயில் முழுசாக விழுந்து, சன்னல் மின்னி, படம் முதலில் முடிந்தது ஐந்தில்தான் மச்சான்! அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குள் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். என்னைக் கடை ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை, எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டேன். சிப்பைப் பார்க்காதே, சிப் குடியிருக்கும் வீட்டைப் பார் என்றேன். மெயில் பார்க்கிறவனுக்கு ஐந்தே தாராளம், மணிக்கணக்கில் கணக்குப் போடுகிறவன் ஃபேனைப் பார்த்து வாங்கட்டும், ஏழு வேண்டுமென்றால் மூச்சு விட இடம் இருக்கிற கனமான உடம்பில் வாங்கட்டும் என்றேன். எதற்கு இவ்வளவு தெரிந்துகொண்டேன் என்று ஒருவர் கேட்டார், உங்கள் தங்கையின் படத்தைக் காட்டி நாலு வார்த்தை சொன்னேன், அது இங்கே தேவையில்லை. ஒரு பல் டாக்டர் நான் சொன்னதை வாங்கினார். ஒரு கணக்காசிரியர் வாங்கினார். கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "நீங்க இதைத்தான் வாங்குவீங்களா சார்?" என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா, நான் கேரண்டி" என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். கடை மேனேஜர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், வாராவாரம் வர்றீங்களா?" என்று கேட்டார் மச்சான்! உங்களை எந்தக் கடையிலாவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அன்று மாலையே புது லேப்டாப் வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து அசந்துபோய், அடுத்து அவருடைய தம்பி வீட்டு வேலையையும் இவளுக்கே கொடுத்துவிட்டார். உங்கள் தங்கை இப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள். இனிமேல் சூடாகிற பொருள் எது வாங்குவதானாலும் நம் குடும்பத்தில் என்னைக் கேட்டுத்தான் வாங்குவது என்று உங்கள் வாயால் நீங்களே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
பாய்லர் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: அடுத்த வாரம் நீங்கள் இங்கே வரும்போது எங்கள் மேசைமேல் ஏழாம் நம்பர் லேப்டாப்பைப் பார்ப்பீர்கள். நீங்களாகப் பார்த்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஹெல்மெட்காரப் பெண் வாங்கிக்கொண்டு போனதுதான் கடைசி ஐந்து. மற்ற கடைகளில் அடுத்த வாரம் வரும் என்றார்கள். திங்கட்கிழமை காத்திருக்குமா? வேறு வழியில்லாமல் ஏழையே... அதாவது ஏழாம் நம்பரையே வாங்கி வந்தேன். ஆனால் ஒன்று, அதன் நாலு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, டேபிள் ஃபேனைச் சாய்த்து வைத்து, அவள் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து புறங்கையால் சூடு பார்த்துக்கொள்கிறேன். அதனால்தான் படம் முடிந்தது. ஆகவே ஜெயித்தது நீங்கள் சொன்ன சிப் இல்லை, என் ஃபேன்.

அண்ணா, நான்தான். கவரை ஒட்டி அனுப்பச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டு இந்தப் பக்கம் எழுதறேன். நீ ஏழுங்கறே, இவர் அஞ்சுங்கறார், உங்க ரெண்டு பேர் சண்டையில என் திங்கட்கிழமை போயிடும்னு, என்கூட வேலை பார்க்கிறவளைக் கடைக்கு அனுப்பினேன். இவர் அவளைப் பார்த்ததே இல்ல. அந்த ஹெல்மெட் அவளோடதுதான். கடையிலேர்ந்து போன் பண்ணி, "அக்கா, உங்க வீட்டுக்காரர் இங்க கூட்டம் போட்டுப் பேசிட்டிருக்கார், என்ன செய்ய?"ன்னா. அவர் எதைச் சொல்றாரோ அதை வாங்குடின்னேன். படம் சனிக்கிழமையே எங்க அறையில அந்த அஞ்சாம் நம்பர்ல முடிஞ்சு போச்சு. இவர் சொன்னது சத்தியமான வார்த்தை அண்ணா, நிக்கவே இல்ல.

அந்த நாலு வார்த்தை என்னன்னு அவ சொன்னா. "இது என் சம்சாரம் போட்ட வீடு. இந்த மாடிப்படியைப் பாருங்க, வயசானவங்க ஏறினாலும் மூச்சு வாங்காது. இத்தனை வருஷம் இவ வரையாம இருந்ததுல எத்தனை பேர் நல்ல வீடு இல்லாம இருக்காங்களோ"ன்னு சொன்னாராம். என்கிட்ட இதுவரைக்கும் 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அதனால இங்க வந்து எதையும் உளறிடாதே. வீட்ல நான் அந்த ஏழாம் நம்பர்ல வெறும் மெயில்தான் பார்க்கிறேன். இவர் டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்துக்கறார். நேத்து, "தொட்டுப் பாரேன், சூடே இல்ல"ன்னார். தொட்டுப் பார்த்தேன். நிஜமாவே இல்ல அண்ணா.