பல்லக்காவும் சட்டம்பியாரின் கோரைப்பல்லும்

ஜெர்மனியில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு. முயல் வளர்ப்பவர்களுக்குச் சங்கம், தோட்டத்தில் குள்ளன் பொம்மை வைப்பவர்களுக்குச் சங்கம், சங்கம் என்றாலே பிடிக்காதவர்களுக்கும் எங்கோ ஒரு சங்கம் இருக்கத்தான் செய்யும். பேய்களுக்கு மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைத் தனியாளாக நின்று தீர்த்துவைத்தவர் பல்லக்கா. தலைவி, செயலாளர், பொருளாளர், பேய் எல்லாம் அவரே.

அவசரத்தில் யாரும் 'பல்லக்கு' என்று வாசித்துவிட வேண்டாம். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த அக்கா என்பதால் பல்லக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அகதியாக ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், பல் செய்யும் தொழிலைப் படித்துத் தேறியவர். பீலெஃபெல்ட் நகரத்தில் பாதித் தமிழர்கள் அவர் செய்த பல்லால்தான் கடித்தார்கள். மீதிப் பாதி அவரைப் பற்றிப் பேசும்போது தங்கள் பல்லைக் கடித்தார்கள்.

நான் மதுரையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்காக அங்கே போய் இறங்கியபோது அவர் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவரின் காதில் இரண்டு கடைவாய்ப் பற்கள் தொங்கின. நான் ஓர் அடி பின்னால் போனேன்.

"பயப்பிடாதேயும் பிள்ளை. ஒருத்தற்றை வாயிலும் போகாத பல்லு. நிறம் பிழைச்சுப் போச்சு எண்டு டொக்டர் திருப்பி அனுப்பினது. வடிவாக் கிடக்கெல்லே?"

"வடிவா... அப்படின்னா?"

"அழகா எண்டு அர்த்தம். முதலிலை தமிழ் படிப்பம், பேந்து ஜெர்மன் படிக்கலாம். உள்ளுக்கு வாரும்."

பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்று ஜெர்மனிக்காரர்கள் காலங்காலமாகக் கேலி செய்வார்கள். இல்லாத ஊரில் பேயோடு குடித்தனம் நடத்துவதில் தவறில்லை என்று நானும் பெட்டியை உள்ளே வைத்தேன்.

அக்டோபர் பிறந்தால் அக்காவைக் கையில் பிடிக்க முடியாது. மாதக் கடைசி நாளில் ஹாலோவீன், ஊரே பேய் வேடம் போடும் திருநாள். மற்றவர்கள் கடையில் ஆயத்தப் பேயுடுப்பு வாங்குவார்கள். அக்கா தன் கல்யாணக் கூறைச்சேலையை வெட்டி, தரை கூட்டும் நீளத்தில், காதுவரை நிமிர்ந்து நிற்கும் கழுத்துப்பட்டி வைத்து, ரத்தக்காட்டேரி மேலங்கி தைத்திருந்தார். அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. பார்த்த சொந்தக்காரப் பெண் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கூறைச்சேலையையே வெட்டினீங்கள்?"

"கலியாணம்தான் பழுதாப் போச்சு. சீலை பழுதாகேல்லை. நல்ல பட்டு," என்றார் அக்கா.

மண்டையோடு அச்சடித்த சேலையில் கோவிலுக்குப் போனவரும் அவர்தான். ஐயர் தயங்கித் தயங்கி, "அம்மா, சந்நிதியிலை இப்பிடி..." என்று இழுத்தார். அக்கா சாமியைக் காட்டினார். "ஐயா, சுடலையிலை ஆடுறவர் அவர். கழுத்திலை கிடக்கிறது என்ன ரோசாப்பூ மாலையோ? நான் அவருக்குத் தோதாத்தான் உடுத்தனான்." ஐயர் விபூதியைக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்து அனுப்பினார்.

அவருக்குப் பழைய தமிழ்ப் பேய்ப்படங்கள் என்றால் உயிர். வீடியோ கேசட் காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தார். எனக்கு அறிவியலில் இருந்த பிடிப்பைவிட அவருக்குப் பேயியலில் பிடிப்பு அதிகம். ஐரோப்பியப் பேய்களை அவர் மதிக்கவே மாட்டார். "உதுகள் சத்தம் போடாமல் வந்து கழுத்தைக் கடிக்குதுகள். எங்கடை பேய் முதல் கொலுசைக் கிலுக்கும், பேந்து ஒரு முழுப் பாட்டுப் படிக்கும், பேந்துதான் வரும். பாட்டில்லாமல் வாறது பேயில்லை பிள்ளை, கள்ளன்."

தின்பண்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாதுமைப் பருப்பை நகமாகப் பதித்த விரல் முறுக்கு. கருப்புத் திராட்சையை விழியாக வைத்த ரசகுல்லாக் கண்கள். சிவப்பரிசி இடியப்பத்தைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தால் மனித மூளை. ராசவள்ளிக் கிழங்குக் கஞ்சிக்கு மட்டும் எந்த ஒப்பனையும் தேவைப்படவில்லை. அது பிறவியிலேயே சூனியக்காரியின் அண்டாவில் கொதிக்க வேண்டிய ஊதா நிறம்.

வீடு வீடாக வரும் ஜெர்மன் பிள்ளைகள் வாசலில் நின்று "இனிப்பா, புளிப்பா?" என்று கத்துவார்கள். இனிப்புத் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று பொருள். அக்காவோ கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்வார். ஒரு கையில் கண்முழி ரசகுல்லா, மறு கையில் தேசிக்காய் ஊறுகாய், அதாவது எங்கள் ஊர் எலுமிச்சை ஊறுகாய். "எது வேணும்? சொல்லுங்கோ." துணிச்சலில் புளிப்பு கேட்ட ஒரு பையன் கண்ணில் நீர் வழிய ஐந்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடம் அவனே கரண்டியோடு வந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே பல். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், பெற்றோரிடம் கேட்டுவிட்டு, அளவெடுத்துக் கோரைப்பல் செய்து கொடுப்பார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. வாயில் கச்சிதமாக உட்காரும். போட்டுக்கொண்டு சாப்பிடலாம், வாய்ப்பாடு ஒப்பிக்கலாம். அந்தத் தெருவில் நவம்பர் மாதம் எடுத்த பள்ளிப் புகைப்படங்களை யாரும் சட்டம் போட்டு மாட்டியதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் எதிர்க்கட்சி மூன்றாம் மாடியில் இருந்தது. ஜெர்மனிக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தனிக்கட்டை. யாழ்ப்பாணத்தில் வாத்தியாரைக் குறிக்கும் பழைய சொல்லால் அக்கா அவரைச் 'சட்டம்பியார்' என்பார். கட்டட விதிகளின் காவலர். மதியம் ஒன்று முதல் மூன்று வரை யாராவது தும்மினால் மேலேயிருந்து தரையைத் தட்டுவார். அவர் பேசும் ஜெர்மன் அவ்வளவு இலக்கணச் சுத்தம். தமிழில் சொல்வதானால் செந்தமிழ். ஹாலோவீன் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த அசட்டுத்தனம் என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு அதே நாள்தான் புராட்டஸ்டண்ட் சபையாரின் சீர்திருத்தத் திருநாள். அவர் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தார்.

நான் இருந்த மூன்றாவது வருடம், ஹாலோவீனுக்காக முகம் செதுக்கிய பூசணிக்காய்களைப் படிக்கட்டில் வைப்பது பற்றிச் சட்டம்பியார் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டார். இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டிவரும் என்று நிர்வாகம் அக்காவுக்கு எழுதியது. இருபது வருடமாக இருந்த வீடு. அன்று அக்கா ஒரே கண்முழியில் இரண்டு திராட்சையைப் பதித்துக்கொண்டிருந்தார். 

"இந்த வருஷம் வேண்டாம்னு விட்ரலாமேக்கா," என்றேன்.

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். ஏலாது," என்றார். பூசணிக்காய்களை மட்டும் வீட்டுக்குள் எடுத்துவைத்தார். கச்சான் அல்வாத் தட்டு வெளியே எங்கள் வாசற்படியில் இருந்தது. மதுரையில் நாங்கள் கடலை மிட்டாய் என்போமே, அதுதான். ஆனால் சவப்பெட்டி வடிவத்தில்.

அந்த வருடம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் வந்தது. மதியம் மூன்று மணியிருக்கும், மணி அடித்தது. திறந்தால் சட்டம்பியார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். இன்னொரு புகார்தான் என்று நினைத்தேன். அவர் வாய் திறந்தார். செந்தமிழ் போயிருந்தது.

"எ பய்யு உடைஞ்சு போச்சு," என்கிற மாதிரி ஏதோ வந்தது.

கைக்குட்டையை விரித்தார். மேல்தாடைப் பல்செட் இரண்டு துண்டாகக் கிடந்தது. அக்கா உள்ளேயிருந்து வந்தார். அந்த வருட வேடம் மோகினி: வெள்ளைச் சேலை, முழங்கால் வரை விரித்த சவுரி, கொலுசு, கோரைப்பல். சட்டம்பியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா பல்செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கச்சான் ஒட்டிக் கிடக்கு," என்றார்.

சட்டம்பியார் படிக்கட்டை ஆய்வு செய்ததாகவும், ஆய்வின் ஒரு பகுதியாக ஒரு சவப்பெட்டியைச் சுவைத்துப் பார்க்க நேர்ந்ததாகவும் சைகையும் குழறலுமாக விளக்கினார். ஆறு மணிக்குத் தேவாலயத்தில் தனிப்பாட்டு அவருக்கு. அதை ஓர் இளைஞனுக்குக் கொடுக்கப் பார்த்தார்களாம். சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஜெர்மனியில் யாருக்கும் பல் உடையக்கூடாது. எந்த டாக்டரும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பல் இல்லாத முகத்தில் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

அவர் புகாரால் வந்த நிர்வாகத்தின் கடிதம் எங்கள் சமையலறை மேசையில்தான் கிடந்தது. அக்கா பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"கோட்டைப் போடுங்கோ," என்றார். முதலாளிக்குப் போன் செய்து கூடத்தைத் திறக்க அனுமதி வாங்கினார். என்னிடம், "பிள்ளை, நீரும் வாரும். மனுசன் வழியிலை விழுந்தாலும் விழுவார்."

"அக்கா, நீங்க டிரெஸ் மாத்தலையா?"

"சவுரியை ஒட்டினது பசையாலை. கழட்ட ஒரு மணித்தியாலம் செல்லும்."

டிராமில் ஏறினோம். ஒரு மோகினி, கழுத்துக்குட்டையால் மூக்குவரை மூடிய முதியவர், சாதாரணக் கோட்டில் நான். எல்லோரும் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். பேயிடம் மாதச் சீட்டு இருந்தது, என்னிடம் மாணவர் சீட்டு இருந்தது, விதிகளின் காவலரிடம் எதுவும் இல்லை. அவசரத்தில் பர்ஸை மறந்திருந்தார். அவர் குழறினார். அக்கா பரிசோதகரை நோக்கிக் குனிந்து, பற்கள் முழுதும் தெரியப் புன்னகைத்து, "இவர் என்னோடை," என்றார். பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

கூடத்தில் அக்கா வேறு ஆள். சேலையை இழுத்துச் செருகி, சவுரியைக் கொண்டை போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டினார். துண்டுகளைப் பொருத்தி, இளஞ்சிவப்புக் குழம்பு ஊற்றி, பிரஷர் குக்கர் போன்ற பாத்திரத்தில் வைத்து எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, வலது கோரைப்பல்லைக் காணோம்.

"எங்கை?" என்றார் அக்கா.

சட்டம்பியார் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். மற்றப் பற்களோ பல வருடத் தேநீர் ஏறிய பழுப்பு. பொருந்துகிற நிறத்தில் ஒரே ஒரு கோரைப்பல்தான் அகப்பட்டது: கிழட்டு ரத்தக்காட்டேரி வேடத்துக்காக அக்கா செய்து வைத்திருந்தது. அதைப் பொருத்தி அரத்தால் ராவினார், ராவினார், மணியைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ராவினார். அதற்குமேல் ராவினால் உடையும் என்று நிறுத்தினார்.

சட்டம்பியார் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். செந்தமிழ் திரும்பியிருந்தது. "அம்மையீர், இது சற்றே நீளமாகத் தோன்றவில்லையா?"

"ஓம், நீளம்தான். மேல் உதடு மூடிப்போடும். சிரிச்சால்தான் தெரியும். நீங்கள் சிரிக்கிறேல்லைத்தானே."

தேவாலயத்தில் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். போதகர் மோகினியைப் பார்த்தார், மேலே பார்த்தார், ஆராதனையைத் தொடங்கினார். சட்டம்பியார் எழுந்தார். கணீரென்ற குரல்; மூன்று வருடமாகத் தரையைத் தட்டிய மனிதருக்குள் இப்படி ஒரு குரலா என்றிருந்தது. ஏறிக்கொண்டே போன பாட்டு உச்சத்தை எட்டியது. வாய் முழுதாகத் திறந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பல் மின்னியது.

முன்வரிசையில் வௌவால் காது வைத்த ஒரு சிறுமி. எங்கள் தெருப் பெண். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அம்மா, அந்தத் தாத்தாவுக்கும் பல்லக்கா பல் கட்டியிருக்கிறார்." சொன்னதோடு நில்லாமல், ஓர் இனத்தவரை இன்னோர் இனத்தவர் வரவேற்பதுபோல, தன் கோரைப்பல்லைக் காட்டி இளித்தாள்.

சட்டம்பியார் மூச்செடுக்கும் இடத்தில் இருந்தார். அந்த மூச்சு வழக்கத்தைவிட நீண்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.  சட்டம்பியார் சிறுமியைப் பார்த்தார். பிறகு உதடு மெல்ல ஒரு பக்கமாக மேலே ஏறியது. சிரிப்பு. முழுப் பல்லும் தெரிந்தது. போதகர் இருமலில் மறைந்துகொண்டார். மிச்சப் பாட்டைச் சட்டம்பியார் பாடியது இன்னும் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அக்கா கருவியோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார், பல்லைச் சரியாக ராவிக் கொடுக்க. சட்டம்பியார் கதவைப் பாதி திறந்து, "அவசரமில்லை," என்றார். அவருக்கு இன்றுவரை அவசரம் வரவில்லை. நிர்வாகத்துக்குப் போன் செய்து புகாரைத் திரும்பப் பெற்றார். அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மதியத் தும்மலுக்கு இன்னும் தட்டுகிறார். அடுத்த அக்டோபரில் பூசணிக்காய் செதுக்க உட்கார்ந்தபோது அடிமட்டக் கோலோடு வந்து, கண்கள் இரண்டும் சம அளவில் இல்லை என்று அக்காவோடு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்.

நான் ஆய்வேட்டை எழுதி முடித்து, வேலை கிடைத்து டிரெஸ்டன் நகரத்துக்கு வந்துவிட்டேன். அந்த எழுதும் மாதங்களில் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேனாம். எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருந்த அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரம், காலைத் தேநீரோடு அளவெடுக்கும் பசையையும் கொண்டுவந்து, "வாயைத் திறவும்," என்றார். ரயிலேறும்போது ஒரு சிறிய டப்பாவைக் கையில் திணித்தார். இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு. கண்ணாடி போலத் தெளிவு, கனமே தெரியாது. பார்த்தால் இரண்டு ஓரத்திலும் குட்டியாகக் கோரைப்பல்.

"அக்கா, இதைப் போட்டுட்டு எப்படித் தூங்குறது?"

"ஆர் பாக்கப் போயினம்? தெரியாத ஊர், தனிய இருக்கப்போறீர். ஏதும் வந்தால் அது பயப்பிடட்டும்."

இந்த ஊரில் எனக்கு இன்னும் அதிகம் பேரைத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு இரவும் விளக்கை அணைத்துவிட்டு, கோரைப்பல்லை மாட்டிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்குகிறேன்.