இன்ஜினும் ஃபெயில், பேத்தியும் ஃபெயில்

ஆகாயத்தில் வண்டி ஓட்டப் படிக்கும் என் பேத்திக்கு, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பாட்டி ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தாத்தாவின் வாயும் சுகம்.

உன் அண்ணன் பல் டாக்டராகிவிட்டான். தாத்தாவிடம் மிச்சமிருந்த பல்லும் போயாச்சு. சித்தி மகள் வக்கீலாகிவிட்டாள். இனி வீட்டில் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. கடைக்குட்டி நீச்சலில் கோப்பை வாங்கி, அதில் சீப்பைப் போட்டு வைத்திருக்கிறான். நீ பைலட். இதை மாடிவீட்டுக்காரி, தபால்காரர், தப்பான நம்பருக்குப் போன் செய்தவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

நேற்று நீ போனில், "பாட்டி, இன்ஜின் ஃபெயிலாயிடுச்சு" என்றபோது நான் கொஞ்சங்கூடப் பதறவில்லை. அப்புறம்தானே அது தரையை விட்டு நகராத பயிற்சி விமானம் என்றாய். இடது இன்ஜின் நின்றதும், அதன் சுவிட்சை அணைப்பதற்குப் பதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினை அவசரத்தில் அணைத்துவிட்டாயாம். "இன்ஜினும் ஃபெயில், நானும் ஃபெயில். திங்கக்கிழமை மறுபடி வைக்கிற டெஸ்ட்லயும் சொதப்பினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு நானே வந்துடறேன் பாட்டி" என்று அழுதாய். வராதே. முதலில் இதைப் படி.

போன மாதம் நம் மிக்ஸி புகைந்தது, தாத்தா "அணை, அணை!" என்று கத்தினார், நான் பாய்ந்துபோய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன், புகை நிற்கவில்லை, டிவியைப் பிடுங்கினேன், அப்பவும் நிற்கவில்லை, லைட்டையும் அணைச்சேன், இருட்டுல மிக்ஸி மட்டும் ஜம்முனு சுத்துது.

"புகை வர்றது மிக்ஸியில, நீ வீடு பூரா பிடுங்குறியே! நல்லவேளை, உன்னை யாரும் பைலட் ஆக்கலை."

"ஆமா, கத்துறதுக்கு மட்டும் ஒரு ஆளு! எதை அணைக்கணும்னு சொன்னீங்களா?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆகையால் கண்ணு, திங்கட்கிழமை இன்ஜின் நின்றால், முதலில் விமானத்தை நேராகப் பிடி. அவசரப்படுகிற கையை மடியில் வை. நின்றது எது என்று வாய்விட்டுச் சொல். பக்கத்தில் உட்காரும் பைலட்டையும் பார்த்துச் சொல்லச் சொல். இரண்டு வாயும் ஒன்றையே சொன்னால் சுவிட்சைத் தொடு. அவர் சும்மா "அணை, அணை" என்று கத்தினால், தாத்தா என்று நினைத்துக்கொள்.

நீ ஓட்டும் முதல் விமானத்தில் ஜன்னலோரம் எனக்குத்தான். எது வந்தாலும் என்னைப் போலக் கல்லாக இரு. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன் இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து.

பாசமுள்ள பாட்டி

பி.கு.: நேற்று நீ "இன்ஜின் ஃபெயில்" என்றபோது, ஒரு கையில் போன், இன்னொரு கையில் துடைக்க எடுத்த உன் போட்டோ. போட்டோ நழுவி விழுந்து ஃபிரேம் கண்ணாடி சுக்குநூறாச்சு, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் நீயும் கரைந்துபோனாய். தொப்பி போட்டுப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கண்ணாடி மட்டும் வேண்டாம்.