என்ஜினுக்குள் ஒரு மூத்த பெண்மணி

"பேய் என்ஜினுக்குள்ள உட்கார்ந்தா அதுக்குச் சுடாதா, டீச்சர்?"

ஹெல்மர் ஊர் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஆறு வயது டெஸ்ஸா ஒருமுறை இப்படிக் கேட்டாள். டீச்சர் அவள் கையில் ஒரு வண்ணப் பென்சிலைக் கொடுத்து, நோவாவின் பேழைக்கு நிறம் தீட்டச் சொன்னார். பதில் தெரியாத பெரியவர்கள் பென்சில் கொடுப்பார்கள்.

அப்போது நார்த் டகோட்டாவின் அந்த மூலையே, வண்டிக்குள் புகுந்த ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி ஊருக்கு வந்திருந்த சகோதரர் வெண்டலிடம் படையெடுத்துக்கொண்டிருந்தது. பழைய தானியக் கிடங்கின் முன்னால் கார்கள், டிரக்குகள், ஒரு பனி வாரும் வண்டி என்று வரிசை நின்றது. ஊரின் ஒரே மெக்கானிக் கடை மூடிக் கிடந்தது. வெண்டலோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் எப்போதும் தயாராக ஒரு சொட்டு நீர்.

"முதல்ல என்ஜினை அணைங்க. ஓடுற என்ஜின் பொய் சொல்லும். அணைஞ்ச என்ஜின்தான் மனசுவிட்டுப் பேசும்" என்பார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்கும் மகான்! என்ஜினை மூடியிருக்கும் ஹூட்டின் மேல் காதை வைப்பார், விம்முவார். செத்துப்போன உறவினர் யார் உள்ளே புகுந்திருக்கிறார் என்று சொல்வார். பிறகு ஹூட்டின் மேல் தடவ ஒரு ஜாடி எண்ணெய் விற்பார். ஹூட்டைத் திறந்து மட்டும் பார்க்கக் கூடாது. திறந்தால் அருள் ஆவியாகிவிடும்.

எர்னியின் டிரக்கில் கடகடத்தது, இரவல் கொடுத்த கேசரோல் பாத்திரத்துக்காக ஏங்கும் பெரியம்மா. எர்னி அந்தப் பாத்திரத்தைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்தார். கடகடப்பு நிற்கவில்லை. பெரியம்மாவுக்கு மூடியும் வேண்டுமாம்.

கோழி வளர்க்கும் ஆர்லீன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அடுத்த வீட்டு லவானின் கார் கிறீச்சிடும் வரை. லவான் தன் கணவன் மெர்வினை வாரம் மூன்று முறை சிறுநீரகச் சிகிச்சைக்குப் பெரிய ஊருக்கு அழைத்துப் போகிறவள். வழியில் வெறும் வயல்கள்தான். முதல் பனி வரப்போகிறது. நடுவழியில் கார் நின்றால் மெர்வின் பிழைக்க மாட்டார்.

"ஹூட்டைத் திற, லவான். ஒரு நிமிஷம் காது வெச்சுப் பார்க்கிறேன்."

"வேண்டாண்டி! உள்ள இருக்கிறது மெர்வினோட தம்பி லைல். கோபமா இருக்கானாம். திறந்தா மெர்வினுக்கு ஆகாதுன்னு சகோதரர் சொல்லியிருக்கார்."

"லைலா? உயிரோட இருந்தப்போ அவனைச் சோஃபாவை விட்டே எழுப்ப முடியலையே. இப்ப மட்டும் என்ஜின்ல ஏறி வேலை பார்க்கிறானாக்கும்?"

லவான் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் பயம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு ஆர்லீனுக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு வழிநடத்தும்படி ஜெபித்தாள். காலையில் கோழிக்குத் தீனி வைக்கப் போனபோது வழி கண்ணில் பட்டது.

சனிக்கிழமை அவளுடைய டிராக்டர் ஒரு பழைய டிரக்கை இழுத்துக்கொண்டு கிடங்குக்கு முன்னால் வந்து நின்றது.

"சகோதரரே, இது நகரவே மாட்டேங்குது. உள்ள ஏதோ முனகுது."

வெண்டல் ஹூட்டின் மேல் காதை வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெண்டலின் முகம் மலர்ந்தது. பல நாள் கழித்து நிஜமாகவே ஏதோ கேட்கிறது!

"ஒரு மூத்த பெண்மணி. கொஞ்சம் பருமன். பெரிய குடும்பம். 'பிள்ளைகளை விட்டு நகர மாட்டேன்'னு சொல்றாங்க."

"ஐயோ, எவ்வளவு சரியாச் சொல்றீங்க! என்ஜின் எப்படிங்க இருக்கு?"

"உறுதியான என்ஜின். பிஸ்டன்ல மட்டும் கொஞ்சம் துக்கம் கட்டியிருக்கு."

ஆர்லீன் ஹூட்டைத் தூக்கினாள்.

உள்ளே என்ஜின் இல்லை. அதைக் கழற்றித் தண்ணீர் இறைக்க வைத்துப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பள்ளத்தில் வைக்கோல், வைக்கோலின் மேல் கிளாடிஸ் என்ற அடைகோழி. அடியில் முட்டைகள். கிளாடிஸ் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, வெளிச்சம் பிடிக்காமல் கொக்கரித்தது.

வெண்டல் அன்று சொன்னதில் பெண்மணியைப் பற்றியதெல்லாம் உண்மை. என்ஜினைப் பற்றியது மட்டும்தான் இடித்தது.

எர்னி ஓடிப்போய்த் தன் ஹூட்டைத் திறந்தார். கோடையில் தொலைத்த ஸ்பேனர் என்ஜின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "பெரியம்மா!" என்றார், பழக்கதோஷத்தில்.

வெண்டல் மெல்ல நழுவித் தன் வேனில் ஏறிச் சாவியைத் திருகினார். வேன் இருமிவிட்டு நின்றது. மனிதர் யோசிக்காமல் இறங்கினார், ஹூட்டைத் திறந்தார், குனிந்து பார்த்தார். எந்தச் சித்தப்பாவையும் கூப்பிடவில்லை. பேட்டரி ஒயரை இறுக்கினார். நிமிர்ந்தபோது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்லீன் ஒரு கோப்பைக் காப்பியை அவர் கையில் கொடுத்தாள். "வழிக்குக் குடிச்சிட்டுப் போங்க, குளிரா இருக்கு. அடுத்த ஊர்லயும் முதல்ல ஹூட்டைத் திறங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கடவுள் நமக்குத் தலைன்னு ஒண்ணு கொடுத்திருக்கார். அதுக்கும் மூடி போட்டு, திறக்காதேன்னு எவனாவது சொன்னா, முதல்ல அதைத்தான் திறக்கணும்."

லவான் மட்டும் வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். ஆர்லீன் கதவைத் தட்டியபோது, "என் கார், நானே பார்த்துக்கறேன்" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

திங்கட்கிழமை போதகர் மெர்வினையும் லவானையும் தன் காரில் சிகிச்சைக்கு அழைத்துப் போனார். ஹெல்மரில் யாரும் கார் கொட்டகையைப் பூட்டுவதில்லை. சாவியும் காரிலேயே தொங்கும். ஆர்லீன் கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து என்ஜினை ஓடவிட்டாள். நீளமான திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்டாள். டைனமோ சீராக ரீங்கரித்தது. தண்ணீர் பம்ப் அமைதி. பெல்ட்டைத் தாங்கும் சின்ன உருளையைத் தொட்டதும் அலறல் காதைக் கிழித்தது. என்ஜினை அணைத்தாள். டவுனுக்குப் போய் வாங்கி வந்த புது உருளையை மாட்டினாள். மறுபடி ஓடவிட்டபோது கிறீச்சொலி இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் ஆர்லீன் நெஞ்சுச் சளியோடு எழ முடியாமல் கிடந்தாள். அப்போது கோழிகள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. யார் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. லவான் வீட்டிலிருந்து வந்து திரும்பிய காலடிகள் மட்டும் பனியில் கிடந்தன.

அந்தக் காலடிகளை நினைத்தபடி ஆர்லீன் லவானின் கார் ஹூட்டை மூடினாள். அதில் பதிந்திருந்த தன் கைரேகையை சட்டைக் கையால் துடைத்தாள். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. தன் தடங்களை அது மூடிவிடும் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு நடந்தாள்.